ஒரு நாளுக்கு முப்பது டாலர், மொழிபெயர்ப்பும் சேர்த்து

பர்தாங் ஆற்றின் தொங்குபாலத்தில்
ஒவ்வொருவராக வரச் சொன்னேன்.
நான்கு பேர். நான்கு பேரும் என்னைவிட உயரம்.
நடுவில் நின்று கீழே பார்த்துவிட்ட ஹென்னிங்
தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார்.
கடவுளைத் திட்டினாரா, பயண ஏஜென்சியையா,
தெரியவில்லை.

அதற்கப்புறம் ஏற்றம்.
கல், கல்லுக்குப் பின்னால் கல்,
காலடியில் சரியும் சரளை.
இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்பவர்களுக்கு
எப்போதும் ஒரே பதில் வைத்திருக்கிறேன்:
அதோ, அந்தத் திருப்பம் வரைக்கும்தான்.
பொய்யில்லை.
திருப்பங்கள் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

ஷிர்ஜேவுக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள்
பாப்ளர் மரங்களின் நிழல் வீடுகளுக்குள் போயிருந்தது.
கூரைமேல் காய்ந்த ஆப்ரிகாட்டை
கிம்மத்ஷோ கைகளால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.
இறங்கி வந்து, எங்கள் பாமீர் வழக்கப்படி
கையைப் பற்றி முத்தமிடக் குனிந்தார்.
ஹென்னிங் குலுக்குவதற்காக இழுத்தார்.
முத்தம் கைக்கடிகாரத்தின்மேல் விழுந்தது.

ஐந்து தூண் வீடு.
உச்சியில் சதுரத்துக்குள் சதுரமாகச் சுருங்கி
கடைசியில் ஒரு கையளவு வானம்.
வீட்டின் நல்ல மெத்தைகள் எல்லாம் எங்களுக்கு.
அவர்கள் எங்கே படுப்பார்கள் என்று
ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.
ஆட்டுக்கொட்டிலுக்கு அடுத்த அறையில்.

ஷிர் சாய் வந்தது. பாலும் உப்பும் வெண்ணெயும்,
பிய்த்துப் போட்ட ரொட்டியும்.
மரைக்கே ஒரு வாய் குடித்து, விழுங்க நேரம் எடுத்துக்கொண்டு,
"சுவாரசியமாக இருக்கிறது" என்றாள்.
"ரொம்பப் பிடித்திருக்கிறதாம்" என்றேன்.

ஹென்னிங் கேட்டார்:
"இவ்வளவு கஷ்டத்தில் ஏன் இன்னும் இங்கேயே கிடக்கிறார்கள்?"
வாய் கூசாமல் மாற்றினேன்:
"குளிர்காலத்தில் பனி எவ்வளவு ஆழம் என்று கேட்கிறார்."
கிம்மத்ஷோ இடுப்பைக் காட்டினார்.
கையை அங்கேயே வைத்தபடி சொல்லிக்கொண்டே போனார்:
போன பிப்ரவரியில் மேலிருந்து சரிந்ததையும்
அவர் தங்கை வீடு போனதையும்
தங்கையும் மாடும் ஒன்றாகக் கிடைத்ததையும்
பாதை மூடிவிட்டதால் மாஸ்கோவிலிருந்து
மகன் புதைக்க வர முடியாமல்
போனில் அழுததையும், சார்ஜ் தீர்ந்து
அந்த அழுகை பாதியில் நின்றதையும்.

நான்கு முகங்களும் என்னைப் பார்த்தன.
"இடுப்பளவு" என்றேன்.

அவர் மனைவி ஷகர்மோ
ஒன்றும் பேசாமல் எல்லோருடைய கிண்ணத்தையும் நிரப்பினாள்.

இரவு வாய்க்கால் ஓரம்.
அவள் கிண்ணம் தேய்க்க, நான் டார்ச் பிடித்திருந்தேன்.
நிமிராமல் சொன்னாள், ஆங்கிலத்தில்,
கரும்பலகையில் எழுதுவதுபோல் சொல் சொல்லாக:
"நீ மாட்டை விட்டுவிட்டாய்."

டார்ச் என் கையில் ஆடியது.

இருபத்திரண்டு வருஷம் கீழ்ப் பள்ளிக்கூடத்தில்
ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவளாம்.
"அப்படியானால் நீங்களே பேசியிருக்கலாமே?"
"உனக்கு நாளுக்கு முப்பது. எனக்குத் தலைக்குப் பதினைந்து.
என் பதினைந்தில் படுக்கை உண்டு, சோறு உண்டு.
பேச்சு சேர்த்தி இல்லை."
கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.
"அந்தப் பெண்ணுக்கு உப்பு பிடிக்கவில்லை.
சுவாரசியம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா."

காலையில் மரைக்கே முன்னால்
சர்க்கரைக் கட்டிகள், ஒரு தட்டு நிறைய.

புறப்படும்போது ஹென்னிங் என்னை ஓரமாக அழைத்தார்.
இரவெல்லாம் தூங்காத கண்.
"அவர் ரொம்ப நேரம் பேசினார்.
அவ்வளவும் இடுப்பளவுதானா?"

வாசலில் ஷகர்மோ
விரிப்பை உதறுவதை நிறுத்தினாள்.
நான் பையை இறக்கிக் கல்மேல் வைத்தேன்,
மற்ற மூவரையும் கூப்பிட்டேன்.
வெயில் ஏறுவதற்குள் கணவாயைத் தாண்ட வேண்டும்,
ஏற்கெனவே தாமதம்.

மாட்டிலிருந்து ஆரம்பித்தேன்.